தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

அடம்பிடிக்கும் பிள்ளையை எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் சீண்டுவார்கள். "நீ எங்க புள்ள இல்லடா, உன்னத் தவிட்டுக்கு வாங்கினோம்." பிள்ளை இன்னும் உரக்க அழும், வீடே சிரிக்கும். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. என் நாத்தனார் ஒருமுறை விளையாட்டாகச் சொல்லிவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். இத்தனைக்கும் எங்களுடையது தவிட்டு மண்டி. திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்பக்கச் சந்தில் தவிடு, பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை என்று மாடு தின்னும் எல்லாம் விற்றோம். "தவிட்டு மண்டிக்காரனுக்குத் தவிடுன்னா இன்னா இவ்ளோ கோவம்?" என்று நாத்தனார் பல நாள் முணுமுணுத்தாள்.

எனக்குக் காரணம் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அப்படியே பதினைந்து, பதினாறு வருஷம் குடித்தனம் செய்தோம்.

இப்போது அவர் இல்லை. என் மகனிடம் நானே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதனால்தான் எழுதத் துணிந்தேன். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. பேனாவால் சொல்லவும் உத்தேசமில்லை.

எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போயிற்று, இன்னொன்று தவழும்போது போயிற்று. சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் கழித்து, இனி இல்லை என்று ஊரே கைவிட்ட பிறகு, மூன்றாவது பிறந்தான். மருத்துவச்சி தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெட்டைச் சுழிம்மா! ரெண்டு பொண்டாட்டி கட்டுவான், பாரு" என்றாள். உச்சந்தலையில் ஒன்றை ஒட்டி ஒன்றாக இரண்டு சுழிகள். பால் கொடுக்கும்போதெல்லாம் அவற்றை விரலால் சுற்றிக்கொண்டிருப்பேன். அந்தச் சுகம் ஒரு வாரம்தான். எனக்கு ஜுரம் கண்டு ஜன்னியாகிவிட்டது. பிள்ளையை என் பக்கத்தில் விடக்கூடாது என்றார்கள்.

பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளைகள் நன்றாகத் தங்கியிருக்கிற ஒரு பெண் வருவாள். தன் வீட்டுத் தவிட்டை முறத்தில் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அதற்குப் பிறகு அது அவள் பிள்ளை. நாங்கள் வளர்க்கிறோம், அவ்வளவுதான். எமன் வந்து கதவைத் தட்டினால், 'எங்க புள்ளன்னு இங்க எதுவும் இல்லையே' என்று சொல்லிவிடலாம். எமனை ஏமாற்ற ஒரு படித் தவிடு போதும் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

எங்கள் பிள்ளையை வாங்க வந்தவள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரான அடி அண்ணாமலைக்காரி. எருமைக்குத் தவிடு வாங்க எங்கள் மண்டிக்கு வருகிறவள்தான். பெற்றதெல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. மடியில் கைக்குழந்தையும் இருந்தது. வாங்கிக்கொள்வதோடு, நான் தேறும்வரை பாலும் கொடுத்து வைத்துக்கொள்கிறேன் என்றாள். முறம் ஒன்று என் பக்கம் நீண்டதும், துணியில் சுற்றிய பிள்ளை வாசலைத் தாண்டிப் போனதும் ஜுர மயக்கத்தில் அரைகுறையாக நினைவிருக்கிறது.

நான் எழுந்து உட்கார ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. "புள்ள எங்க?" என்றுதான் முதலில் கேட்டேனாம். அவர் அன்றைக்கே போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். "இந்தா, உம் புள்ள" என்று மடியில் வைத்தார். அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஜுரத்தில் கிடந்தது நான், இவர் எதற்கு இளைத்தார் என்று அப்போது தோன்றவில்லை. பிள்ளை வாய் வைத்ததும் வற்றிவிட்டது என்று நினைத்த பால் வந்தது. மறுநாள் காலையில் காலை நீட்டிப் போட்டு எண்ணெய் தேய்த்தேன். விரல் தானாக உச்சந்தலைக்குப் போயிற்று.

ஒரே சுழிதான் இருந்தது.

திரும்பத் திரும்பத் தடவினேன். எண்ணெயைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். சுழி எங்காவது மறையுமா? அவரைக் கூப்பிட வாயைத் திறந்து நிமிர்ந்தால், முற்றத்துத் தூணைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அடி விழப்போகிறது என்று தெரிந்து நிற்கிற ஆளின் முகம். ஆண்பிள்ளைக்குச் சுழியெல்லாம் எங்கே தெரியப்போகிறது! ஒரு மாதத்தில் பிள்ளை ஜாடை மாறும், தாய்க்காரி ஜுரத்தில் கிடந்தவள், கண்டுபிடிக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டேன். பயத்தமாவைக் குழைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டித் தூங்கவைத்தேன்.

மீதியை மண்டிக்கு வருகிறவர்கள் பேச்சிலிருந்து பொறுக்கிச் சேர்த்தேன். அந்த அடி அண்ணாமலைக்காரியின் தங்கை பிரசவத்தில் செத்துப்போனாளாம். அந்தக் குழந்தையும் இவளிடம்தான் பால் குடித்ததாம். பிறகு அதை யாரோ பிள்ளையில்லாதவர்கள் எடுத்துப் போய்விட்டார்களாம். அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. என் பிள்ளை அங்கே இறந்துவிட்டான். தாயில்லாத ஒன்றை இவர் எனக்குத் தூக்கி வந்திருக்கிறார். வேறு சாதிக் குழந்தை. அவர் அண்ணன் தம்பிகளுக்குத் தெரிந்தால் எங்களை வாசலில் ஏற்றமாட்டார்கள். அதையும் தெரிந்துதான் செய்திருக்கிறார்.

கோபம் இல்லையா என்றால், இருந்தது. ஒரு வருஷம் அவர் முகத்தைப் பார்த்து நான் சோறு போடவில்லை. என் வயிற்றில் பிறந்ததைத் தனியாகப் புதைத்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன்! ஆனால் மடியில் கிடந்தது என்னைப் பார்த்துச் சிரித்தது, என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. அவனை நான் பெற்ற பிள்ளைக்கு ஒரு மாற்றுக் குறைவாக வளர்த்தேன் என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயைக் கிழித்துவிடுவேன்.

ஒன்று மட்டும் ஆறவேயில்லை. எங்கே புதைத்தார்? இறந்தவர்களுக்குப் பாலூற்றுகிறோம். நான் ஒரு வாரம் பால் கொடுத்த பிள்ளைக்கு ஒரு சொட்டுப் பால் விட இடம் தெரியாமல் இருந்தேன். கேட்டால் எனக்குத் தெரியும் என்பது தெரிந்துவிடும், அவர் நொறுங்கிப்போவார். அப்புறம் கேட்கலாம், பையன் வளர்ந்த பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அடி அண்ணாமலைக்காரியும் இரண்டு மூன்று வருஷத்தில் பாம்பு கடித்துப் போய்ச்சேர்ந்தாள். இடம் தெரிந்தவர் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான் என்றாயிற்று.

பையன் வேலூரில் காலேஜ் சேர்ந்த வருஷம் அந்த ஒருத்தருக்கும் மறதி பிடித்தது. அறுபதுகூட ஆகவில்லை. பிண்ணாக்கு கேட்டவருக்குப் பருத்திக்கொட்டை நிறுத்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து காலங்காலமாகச் சரக்கு ஏற்ற வருகிற வண்டிக்காரரை, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார். தினமும் போகிற கோயிலுக்குப் போய்விட்டு, வேறு கோபுர வாசலில் வெளியே வந்து, பூக்காரியிடம் வீட்டுக்கு வழி கேட்டார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூளை சுருங்கிட்டு வருதும்மா. இனிமே ஜாஸ்தி ஆவும், கம்மி ஆவாது. பாத்துக்குங்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன். மறுநாள் காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியில் போய் உட்கார்ந்தேன். "பொம்பள தராசு புடிச்சா ஊரு சிரிக்கும்" என்றாள் நாத்தனார். "அப்ப நீ வந்து புடி, நான் சிரிக்கறேன்" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அவரையும் பக்கத்தில் ஒரு சாக்கில் உட்காரவைத்துக்கொண்டேன். அவர் தலையிலிருந்து எது வேண்டுமானாலும் போகட்டும், அந்த ஓர் இடம் போவதற்குள் வாங்கியே தீருவது என்று முடிவுகட்டினேன்.

ஒரு மத்தியானம் சோறு பிசைந்து கொடுத்தபடி மெதுவாகக் கேட்டேன். "ஏங்க, அடி அண்ணாமலையில ஒரு பொம்பள தவிடு வாங்க வருவாளே, எருமைக்கு. ஞாபகம் இருக்கா?"

காலையில் தின்ற இட்லி நினைவில்லாத மனுஷன், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தப் பொம்பள? எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ போயி வேலையப் பாரு."

சட்டைப் பொத்தான் போடுவது மறந்துவிட்டது, இதை மறைப்பது மட்டும் மறக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பிசைந்த சோற்றை நானே தின்றுவிட்டுக் கை கழுவினேன்.

ஐப்பசியில் புதிதாக ஒன்று ஆரம்பித்தது. கண் அசந்தால் மூட்டையிலிருந்து ஒரு படித் தவிட்டைத் துண்டில் முடிந்துகொண்டு கிளம்பிவிடுவார். "எங்க கெளம்பிட்டீங்க?" என்றால், "குடுத்துட்டு வரணும்" என்பார். யாருக்கு என்றால் நடையை எட்டிப் போடுவார். செங்கம் ரோட்டுப் பக்கம் போய்க் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவருவேன். தெருவில் பரிதாபமாகப் பார்ப்பார்கள். இப்படிப் பலமுறை நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது அடி அண்ணாமலைக்குப் போகிற வழி. மனுஷன் தானாகவே போகிறார்; நான் குறுக்கே விழுந்து மறிக்கிறேன்! என் மடத்தனத்துக்கு என்னையே வைதுகொண்டேன்.

அடுத்த முறை அவர் துண்டை முடியும்போது நான் மண்டிக் கதவைச் சாத்தினேன். ஒரு சொம்புப் பாலை வாழையிலைத் துண்டால் மூடிக் கட்டி எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

வீட்டில் கொல்லைப்புறத்துக்கு வழி தெரியாதவர், மலை சுற்றும் பாதையில் கொஞ்சமும் தயங்கவில்லை. எம லிங்கத்தைத் தாண்டும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நடுவில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். மலை வலதுபக்கம் சாய்ந்தும் நிமிர்ந்தும் தெரிந்ததா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே பாதையை விட்டு இறங்கினார். ஒரு குட்டை, அதன் கரையில் ஒரு புளியமரம். மரத்தடியில் துண்டை அவிழ்த்துத் தவிட்டைக் கொட்டினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் என்னை 'இந்தா' என்றே கூப்பிட்டவர் கையைக் கூப்பினார்.

"நீங்க இந்த ஊராம்மா?"

"ஆமாங்க" என்றேன்.

"இங்கதாம்மா எம் புள்ள இருக்கான். நான்தான் பொதைச்சேன். தப்பு எம் மேலதாம்மா." கொட்டிய தவிட்டைக் காட்டினார். "தவிட்டுக்கு வாங்க வந்தவ வெறுங்கையோட வந்தா. வீட்டுல தவிடு தீந்துபோச்சுன்னா. நான்தான் நம்ம மண்டி மூட்டையிலேர்ந்து அள்ளிக் குடுத்து, இத்தயே குடு, யாருக்குத் தெரியப்போவுதுன்னேன். நம்ம தவிட்டுக்கே நம்ம புள்ளைய வித்தா, அது வித்ததா ஆவுமா? எமன் ஏமாறுவானா?"

இது எனக்குத் தெரியாது. பிள்ளை இறந்ததை மறைக்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவர் மறைத்தது வேறு. மண்டிக்காரன் அவசரத்தில் கைநீட்டி அள்ளிய ஒரு படித் தவிட்டால் பிள்ளையைக் கொன்றுவிட்டோம் என்று, பதினாறு வருஷமாக அதே தவிட்டை நிறுத்து விற்றபடி உள்ளுக்குள் வெந்திருக்கிறார். அவர்மேல் மிச்சம் வைத்திருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"அதனால இல்லீங்க. பச்சப்புள்ளைக்கு ஆயிரம் சீக்கு வரும்" என்றேன். அவர் காதில் அது ஏறவில்லை.

"எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. அவ தாங்கமாட்டா."

"சொல்லமாட்டேங்க."

புளியமரத்தடியில் பாலை விட்டேன். மண் உடனே உறிஞ்சிக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் யாரோ ஒரு பெண் அழுகிறாளே என்று தள்ளி நின்று, "அழாதீங்கம்மா, அழாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். என் காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி துண்டில் தவிட்டை முடிந்தார். சரி, போகலாம் என்று பாலோடு கூடப் போனேன். புளியமரத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடி அண்ணாமலையையும் தாண்டிக் குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறையடியில் நின்றார். தவிட்டைக் கொட்டினார். "இங்கதாம்மா எம் புள்ள இருக்கான்" என்றார்.

"போன வாரம் கொளத்தங்கரைன்னீங்களே!" என்று கத்திவிட்டேன். அவர் மிரண்டு இரண்டு அடி பின்னால் போனார். நான் பாறையில் உட்கார்ந்து அவரை வைதேன், தவிட்டை வைதேன், எதிரே நின்ற மலையையும் விட்டுவைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நான் பிந்திவிட்டேன். இடம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

மூன்றாம் முறை இன்னோர் இடம். ஓடைக் கரையில் ஒரு வேலிக்காத்தான் புதர். அவர் கைகூப்பி, "எம் பொண்டாட்டிகிட்ட மட்டும்..." என்று தொடங்கினார். இடம்தான் கிடைக்கப்போவதில்லை, இந்தப் பாரத்தையாவது இறக்கிவைக்கட்டும் என்று துணிந்து சொன்னேன். "அவங்களுக்குத் தெரியும்ங்க. அன்னிக்கே தெரியும். உங்கமேல கோவமில்ல."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையில் தலையில் அடித்துக்கொண்டார். "யார் சொன்னது அவகிட்ட? ஐயோ, செத்துடுவாளே! நான் போயி அவளப் பாக்கணும்" என்று எழுந்து, என்னைத் தள்ளிக்கொண்டு, வந்த வழியே ஓடத் தொடங்கினார். நான்தான் அவள், உங்கள் எதிரிலேயே நிற்கிறேன் என்று சொன்னால் ஏறுமா? முள் குத்திய காலோடு ஓடிப்போய் முன்னால் நின்று மறித்தேன்.

"இல்லீங்க, தெரியாது! நான் வேற யாரையோ நெனச்சுச் சொல்லிட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"நெசமா?"

"சத்தியமா."

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காங்க. மண்டியில உக்காந்திருக்காங்க."

"சாப்ட்டாளா?"

"சாப்ட்டாங்க."

அவர் மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது. அதற்குப் பிறகு அந்த உண்மையை அவரிடம் நான் எடுக்கவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து காலில் முள்ளெடுத்தபடி யோசித்தேன். மலையைச் சுற்றி எங்கேயோ ஓரிடத்தில்தானே என் பிள்ளை இருக்கிறான்? வேறெங்கும் போய்விடவில்லையே. அவர் காட்டுகிற இடத்திலெல்லாம் விடுவேன். விட்டுக்கொண்டே போனால் ஒருநாள் சரியான இடத்தில் விழுந்துதானே ஆகவேண்டும். எத்தனை நடையானால் என்ன, கால் இருக்கிறது, வீட்டில் மாடு இருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன். அடி அண்ணாமலையில் ஒரு வீட்டுக்காரியிடம் உரலில் குத்திய நெல்லின் தவிடு ஒரு முறம் கேட்டு வாங்கினேன். அடுத்த முறை அவர் மூட்டையில் கைவைக்கும்போது தடுத்து, இதை அவர் துண்டில் போட்டேன். "இது நம்மளது இல்லீங்க. அடி அண்ணாமலைத் தவிடு. அவங்க வீட்டுது."

அவர் நம்பவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், முகர்ந்தார், நாக்கில் வைத்தார். என்னை யாரென்று தெரியாது, பிறந்த ஊர் தெரியாது. தவிடு தெரிந்தது. "ஆமா. மில்லுத் தவிடு இல்ல, ஒரல் தவிடு" என்றார். "நம்மளது இல்ல." முகம் தெளிந்தது. ஜுரத்துக்கு முன்னால் நான் பார்த்த அவருடைய முகம்.

அன்றிலிருந்து 'தப்பு எம் மேலதான்' என்ற பேச்சு குறைந்து, நின்றேபோயிற்று. 'எம் புள்ள இங்க இருக்கான்' என்பதும் சில வாரத்தில் நின்றது. நடை மட்டும் நிற்கவில்லை. அவர் ஓரிடத்தில் நிற்பார், தவிட்டைக் கொட்டுவார், நான் பால் விடுவேன். புருஷனைக் கையைப் பிடித்து மலை சுற்றவைக்கிற உத்தமி என்று ஊரில் எனக்குப் பெயர் வந்தது. நாத்தனார்கூட நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னாளாம். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொங்கல் லீவுக்குப் பையன் வந்திருந்தான். "நானும் வரேம்மா" என்று சொம்பை வாங்கிக்கொண்டான். அப்பனுக்கு இணையாக நடந்து, அவர் தடுமாறிய இடத்தில் தோளைக் கொடுத்தான். அவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வயல் வரப்பில் அவர் நின்றார். அதற்கு முன் ஒருநாளும் நிற்காத இடம். தவிட்டைக் கொட்டினார். பையன் கையிலிருந்த பாலை வாங்கி நான் விடப்போனேன். பிறகு என்ன தோன்றியதோ, "நீயே ஊத்துடா" என்றேன். ஏன் என்று கேட்காமல் குனிந்து ஊற்றினான். அவன் உச்சந்தலையின் ஒற்றைச் சுழி வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

அவர் என் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். இடம் ஒவ்வொரு தடவையும் மாறியது. இது ஒருதடவைகூட மாறவில்லை.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. தாங்கமாட்டா."

"சொல்லமாட்டேங்க" என்றேன்.

பையன் என்னைப் பார்த்தான். "நைனா யாரைம்மா சொல்றாரு?"

"எனக்குத் தெரிஞ்ச பொம்பளதாண்டா" என்று காலிச் சொம்பை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "அவ தாங்குவா. நீ நைனாவப் புடி, வெயில் ஏறுது."